மேட்டு மரத்தின் கிராம்பு வாசம்

சாராவாவியின் மூக்கைப் பற்றிக் கதை சொல்லாதவர்கள் எங்கள் மரோஹாசு ஊரில் கிடையாது. நாலு வீடு தள்ளிச் சோறு அடிபிடித்தால் இங்கிருந்தே குரல் கொடுப்பாள். கரும்புச் சாராயம் குடித்துவிட்டு இஞ்சியை மென்றுகொண்டு வருகிற ஆண்கள், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துத்தான் அவள் வாசலைக் கடப்பார்கள். அப்படியும் மாட்டிக்கொள்வார்கள்.

அந்த மூக்கை நம்பித்தான் ஊர் தைல அடுப்பை அவளிடம் ஒப்படைத்திருந்தது. எங்கள் மலைக்காட்டில் ஹவோசு என்று ஒரு மரம் உண்டு. இலையைக் கசக்கினால் சோம்பு வாசம் வரும். முப்பது குடும்பங்கள் அந்த இலையைப் பறித்து மூட்டை கட்டி ஓடைக்கரைக்குச் சுமந்து வரும். ஆளுயர இரும்புப் பீப்பாயில் இலையை மிதித்து அமுக்கி, அடியில் தண்ணீர் விட்டுத் தீ மூட்டினால், ஆவி குழாய் வழியாக ஓடைத் தண்ணீருக்குள் இறங்கிக் குளிர்ந்து, மறுமுனையில் தைலமும் தண்ணீருமாகச் சொட்டும். எல்லார் இலையும் ஒரே பீப்பாய்க்குள்தான் போகும். இது உன் மரம், அது என் மரம் என்ற பேச்சே கிடையாது. தைலம் வாங்குகிறவன் லாரியோடு வரும்போது, முன்னால் நின்று "இது சுத்தம்" என்று சொல்ல வேண்டியது சாராவாவியின் வேலை. அவள் சொன்னால் ஊர் சொன்னதாக அர்த்தம்.

அவளுக்கு ஒரே தம்பி, தோம்போ. பதின்மூன்று வயது இளையவன். அவனைப் பெற்ற கையோடு அம்மா கண்ணை மூடிவிட்டாள். அன்றைக்கு அவனை முதுகில் கட்டியவள்தான். கல்யாணம் கட்டிப் போன இடத்துக்கும் முதுகில் வைத்தே கொண்டுபோனாள். புருஷன் முகத்தைச் சுளித்தான். ஒரு மழைக்காலம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு புருஷனை விட்டுவிட்டுத் தம்பியோடு திரும்பி வந்துவிட்டாள். அதைப் பற்றி அவள் வருத்தப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

தோம்போ வளர்ந்து இலைபறிக்கிற ஆளானான். மரமேறுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது, வாயாடுவதிலும்தான்.

"அக்கா, உனக்குத்தான் இவ்ளோ பெரிய மூக்கு இருக்கே, எனக்கு ஒரு பொண்ணை மோந்து பாத்துத் தேடேன்" என்பான்.

"உன் கால் நாத்தத்துக்கு எவடா வருவா? மொதல்ல ஓடையில எறங்குடா" என்பாள் அவள்.

இப்படித்தான் இருந்தார்கள், அந்தப் புயல் வருஷம் வரைக்கும்.

கிழக்குக் கடலிலிருந்து வந்த புயல் தெற்குச் சரிவைச் சீவி எறிந்துவிட்டுப் போனது. ஹவோசு மரங்கள் பாதிக்கு மேல் வேரோடு கிடந்தன. மிச்சம் நின்றதில் இலை இல்லை. வடக்கு மேட்டில் மட்டும் மரங்கள் அப்படியே நின்றன. ஆனால் அந்த மேட்டில் எங்கள் ஆட்கள் இரும்பைக் கொண்டுபோவதில்லை. எங்களுக்கு முன்னால் அங்கே இருந்து மறைந்துபோன யாரோ ஜனங்களின் புதைகுழிகள் அங்கே உண்டு. கத்தி படக் கூடாது என்பது முன்னோர் வைத்த தடை. ஊர் பட்டினியைப் பார்த்துவிட்டு, சிவப்புத் தடி பிடிக்கிற எங்கள் பெரியவர் பொதோமோரா மேட்டடியில் தேனும் சாராயமும் ஊற்றி, இறந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுத் தடையை நீக்கினார். நீக்கி என்ன, ஒருத்தனும் ஏறவில்லை. எல்லாருக்கும் பயம். தோம்போ மட்டும் சிரித்துக்கொண்டே ஏறினான்.

அதற்கு முந்தின வாரம்தான் அவன் கடற்கரைப் பக்கம் ஒரு சிநேகிதன் வீட்டுக்குக் கூரை போட்டுக் கொடுக்கப் போய், நாலு நாள் தங்கி வந்திருந்தான். வரும்போது அக்காவுக்கு ஒரு பொட்டலம் கிராம்பு கொண்டுவந்தான். கடற்கரையில் எங்கு பார்த்தாலும் கிராம்பு மரம். கிராம்பு இலையைக் காய்ச்சிய தைலம் அங்கே சல்லிசு. அதை வாங்கி உசத்தித் தைலத்தோடு கலந்து விற்கிற திருட்டுப் புத்தி எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாததில்லை.

அந்த வாரப் பீப்பாயை மேட்டு இலை மட்டுமே நிரப்பியது. தைலம் சொட்ட ஆரம்பித்ததும் சாராவாவி விரல் நுனியில் தொட்டு முகர்ந்தாள். முகம் மாறிவிட்டது.

"என்னடா இது? கிராம்பு அடிக்குது?"

"எனக்கென்னக்கா தெரியும்? ஹவோசு இலைதான். மேட்டு மரம் அப்படித்தான் இருக்குமோ என்னமோ."

"மரத்துக்கு மேடு பள்ளம் தெரியுமாடா? அதே மரம், அதே இலை. வாசம் மட்டும் வேற எங்கேருந்து வரும்?"

"நீதான் மூக்கு. நான் வெறும் கை" என்று சொல்லிவிட்டு அவன் அடுத்த மூட்டைக்குப் போய்விட்டான்.

அவளுக்கு மனசு அரித்தது. ஆனாலும் லாரி வந்த அன்றைக்கு முன்னால் நின்று, "இது சுத்தம்" என்றாள். தம்பிக்காகச் சொன்னாள். வாங்க வந்தவன் ஒரு காகிதத் துண்டைத் தைலத்தில் நனைத்து முகர்ந்தான், சிரித்தான். கொஞ்சம் எடுத்துக்கொண்டு போய், ஒரு மாதம் கழித்துச் சோதனை செய்த தாள் ஒன்றோடு வந்தான். இத்தனை வருஷம் வாங்கிய தைலம் வேறே, இது வேறே என்று தாளில் இருக்கிறதாம். "கிராம்பிலைத் தைலத்தை ஊத்திட்டு எங்கிட்டயே விக்கிறீங்களா? எவன் செஞ்சான்னு சொல்லுங்க. சொல்லலேன்னா இந்த ஊருக்கு லாரி வராது" என்றான். எங்கள் காடு எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட ஒரு நாள் கேட்டதில்லை அந்த மனுஷன். தாளை மட்டும் ஆட்டினான். நாங்களும் அந்தத் தாளைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டோம். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

முன்னோருக்காக நட்ட ஊர்க்கல்லின் அடியில் கூடினார்கள். பெரியவர் பொதோமோரா ஒரு குவளைத் தண்ணீரில் கல்லறை மண்ணைக் கரைத்தார். குற்றமில்லாதவன் கல்லில் கை வைத்துக் குடிக்க வேண்டும். பொய்யாகக் குடித்தவனை முன்னோர் பார்த்துக்கொள்வார்கள். இலை பறிக்கிற ஒவ்வொருத்தரும் வந்து குடித்தார்கள். கடைசியில் தோம்போவின் முறை வந்தது.

அவன் குவளையை வாங்கினான். குடிக்கவில்லை.

"ஊரு கேட்டா குடிக்கிறேன்" என்றான். "இவ கேட்டுத்தான் குடிக்கணும்னா குடிக்க மாட்டேன். இவ என்னைத் தூக்கி வளத்தவ. அக்கா, நீயே சொல்லு. நான் குடிக்கணுமா?"

எல்லாரும் சாராவாவியைப் பார்த்தார்கள். அவள் ஒரு வார்த்தை, "வேண்டாம், என் தம்பியை எனக்குத் தெரியும்" என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் அவள் ஏற்கெனவே ஒரு தடவை அவனுக்காக "சுத்தம்" என்று சொல்லி, முப்பது குடும்பத்தின் சோற்றில் மண் விழப் பார்த்தது. தவிர, கிராம்பை அவளே முகர்ந்திருந்தாள். தன் மூக்கைச் சந்தேகப்பட அவளுக்கு அது நாள்வரை காரணம் இருந்ததில்லை.

"குடிடா" என்றாள்.

தோம்போ குவளையைக் கல்லின் மேல் மெதுவாக வைத்தான். "அப்போ எனக்கு அக்கா இல்ல" என்றான்.

எங்கள் பக்கத்தில் குவளையைக் குடிக்காமல் வைப்பவன் ஒப்புக்கொண்டவன். அவன் மனசு நொந்து வைத்தான் என்பது ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பெரியவர் அவளைக் கேட்டார், "நீ என்னம்மா சொல்றே?" என்று. "இவந்தான்" என்றாள் சாராவாவி. பெரியவர் தடியைத் தரையில் மூன்று முறை தட்டி, தோம்போவின் பெயரைக் குடும்பத்திலிருந்து எடுத்தார். பெயர் எடுபட்டவனுக்குக் குடும்பக் கல்லறையில் இடமில்லை. செத்தால் அம்மாவின் பக்கத்தில் படுக்க முடியாது. எங்களுக்கு அதைவிடப் பெரிய தண்டனை தெரியாது.

மறுநாள் விடியும்போது அவள் வாசலில் ஒரு ஹவோசுக் கிளை கிடந்தது. மேட்டிலிருந்து வெட்டியது, பனி ஈரம் காயாமல். ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். கண்டதையெல்லாம் முகர்கிறவள் அன்றைக்கு முகரவில்லை. கிளையைக் காலால் தள்ளிக்கொண்டு போய் அடுப்பில் போட்டாள். தோம்போ அதற்குள் ஊரைவிட்டுப் போயிருந்தான்.

மேட்டைத் தொட்டதால் வந்த வினை என்று பெரியவர் பழைய தடையை மறுபடி போட்டார். தெற்குச் சரிவில் மரங்கள் துளிர்த்தன, லாரி வந்தது, தைலம் பழையபடி சோம்பு மணத்தது. தம்பிதான் கலந்தான் என்பதற்கு அவளுக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. ஏழு வருஷம் கழித்து, அலாவோத்ரா ஏரிப் பக்கம் போய்வந்த ஒரு டிரைவர், தோம்போ நெஞ்சு நோயில் இறந்துபோன சேதியைக் கொண்டுவந்தான். பெயர் எடுபட்டவனுக்கு ஊர் துக்கம் காக்காது. சாராவாவி அன்று முழுக்க அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தாள். கண் ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது என்று கேட்டவர்களிடம் புகை என்றாள்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் மியாலி வந்தாள். தலைநகரத்துப் பெண், மூக்குக்கண்ணாடி போட்டவள், ஹவோசு மரத்தைப் பற்றிப் படிக்கிறவள். முழங்கால் உயரம்கூட இல்லாத தைலம் காய்ச்சும் கண்ணாடிக் கலம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். ஒவ்வொரு மரத்திலும் எண் பொறித்த தகரத்தைக் கட்டி, அந்தந்த மரத்தின் இலையைத் தனித்தனியாகக் காய்ச்சினாள். எங்கள் ஜனங்களுக்கு ஒரே சிரிப்பு. பெண்பிள்ளை சொப்பு வைத்துச் சமையல் விளையாடுகிறது என்றார்கள். மேட்டு மரங்களில் இலையைக் கையால் கிள்ளிக்கொள்கிறேன், இரும்பு கொண்டுபோகவில்லை என்று சொன்னதால் பெரியவர் அதற்கும் விட்டுவிட்டார்.

ஒரு நாள் மத்தியானம் அவள் இருபது குப்பிகளை வரிசையாக வைத்துவிட்டு, "அம்மா, உங்க மூக்கைப் பத்திச் சொன்னாங்க. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்" என்றாள்.

சாராவாவிக்குப் பெருமை தாங்கவில்லை. பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். "இது நம்ம சோம்பு. இதுவும். இது என்ன, எலுமிச்சைத் தோலாட்டம்? இது பச்சை மரத்தூள். எங்கேருந்து புடிச்சே இதையெல்லாம்?" என்று ஒவ்வொன்றாக எடுத்தாள். பதினேழாவது குப்பியில் கை நின்றது.

"இதுல எவன் கிராம்பைக் கலந்தான்?"

"யாரும் கலக்கலம்மா. ஹவோசுதான்."

"என்னை ஏமாத்தாத, பொண்ணே. இது கிராம்பு."

"கிராம்பு மாதிரி வாசம். ஆனா மரம் ஹவோசு. வடக்கு மேட்டு மரம், நானே பறிச்சு நானே காய்ச்சினது. இந்த இருபதும் ஒரே சாதி மரந்தான், அம்மா. பாத்தா ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் தெரியாது. ஆனா ஒவ்வொரு மரமும் தன் இலையில ஒவ்வொரு சரக்கைச் சேத்து வெச்சிருக்கு. நீங்க எல்லாத்தையும் ஒரே பீப்பாயில போட்டுடறீங்க இல்லையா, அதனால தெரியல. மேட்டுல இருக்கிறது முக்காவாசி இந்த வாசந்தான்."

சாராவாவி குப்பியைக் கீழே வைக்கவில்லை. "ஒரு வயித்துல பொறந்த பிள்ளைங்க மாதிரியா?" என்றாள்.

"ஆமா, அப்படித்தான்."

"பீப்பாய் முழுக்க மேட்டு எலையாவே போட்டுக் காய்ச்சினா?"

"முழுக்கக் கிராம்பா மணக்கும். கலப்படம்னே நெனச்சுப்பாங்க" என்று மியாலி சிரித்தாள். பிறகு சாராவாவியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பயந்துபோய், "அம்மா, என்ன ஆச்சு?" என்று தோளைப் பிடித்தாள்.

அன்றைக்கு அவள் அழுத அழுகை ஓடைக்கு அந்தப் பக்கம் வரை கேட்டது. ஒன்பது வருஷத்து அழுகை. "மோந்து பாருன்னு வாசல்ல கொண்டாந்து வெச்சானே, அடுப்புல போட்டேனே, பாவி" என்று தன் மூக்கிலேயே அறைந்துகொண்டாள். இரண்டு பேர் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது.

அடுத்த வாரமே ஊர்க்கல்லின் அடியில் மறுபடியும் கூட்டம். தளர்ந்து கூனிப்போயிருந்த பொதோமோராவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர் சாராயத்தைக் கல்லில் ஊற்றி, "தோம்போ, பொய் சொன்னவங்க நாங்க. உன் எடம் உனக்கு" என்றார். இனி எலும்பைக் கொண்டுவர வேண்டும். எடுத்துவர உரிமை உள்ளவள் அக்கா ஒருத்திதான். எங்கள் பக்கத்தில் சில வருஷத்துக்கு ஒரு தடவை கல்லறையைத் திறந்து எலும்புக்குப் புதுத் துணி சுற்றுவார்கள். அதற்காகச் சாராவாவி தன் கையாலேயே ஓலைநாரில் புதுத் துணி நெய்தாள். அம்மாவுக்குப் பக்கத்தில் இடத்தைக் கூட்டிப் பெருக்கிவிட்டு, துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு ஏரிக்குப் போகும் பஸ்ஸில் ஏறினாள்.

இரண்டு நாள் பயணம். ஏரிக்கரையில் கண்ணுக்கெட்டிய வரை வயல். விசாரித்துக்கொண்டு போனதில், அறுவடை முடித்த ஒரு களத்தில் எர்னெஸ்தின் இருந்தாள். தோம்போவின் மனைவி. முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "எங்கேருந்து வரீங்க?" என்றாள்.

"மரோஹாசு."

எர்னெஸ்தின் அப்படியே வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அவர் ஊரா! அய்யோ, அவர் ஊர்லேருந்து ஒருத்தர்கூட வந்ததில்லையே! வாங்கம்மா, உள்ள வாங்க. அவங்க அக்காவை உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே? சாராவாவின்னு பேரு."

சாராவாவி வாயைத் திறந்தாள். அதற்குள் எர்னெஸ்தின் பேசிக்கொண்டே போனாள்.

"பாவம், அந்தப் புயல்ல மரம் விழுந்து செத்துட்டாங்களாமே. அவங்க போனப்புறம் அந்த ஊர்ல இருக்க முடியலன்னுதான் இங்க வந்தாராம். வளத்தவங்க இல்லியா? சொல்லும்போதெல்லாம் அழுவார். எங்க பெரிய பொண்ணுக்கு அவங்க பேருதான் வெச்சார்."

வாசலில் எட்டு வயதுப் பெண் ஒருத்தி நெல்லுமியைத் தலையில் ஒட்டிக்கொண்டு நின்றிருந்தாள். தோம்போவின் கண்கள். சாராவாவி அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவர் எலும்பு..." என்று தொடங்கினாள். "அவரை எங்க வெச்சிருக்கீங்க?"

"எங்க குடும்பக் கல்லறையிலதாம்மா. வெளியூர் ஆளை எங்க ஜனம் சேத்துக்காது. எங்கப்பாதான் பிடிவாதமா நின்னார். இந்த மருமகன் வாயிலேருந்து ஒரு பொய் வந்து நான் பாக்கல, இப்படிப்பட்ட ஆளு எம் பக்கத்துலதான் படுக்கணும்னு சொன்னார். போன வருஷம் அப்பாவும் போய்ட்டார். இப்ப ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல இருக்காங்க."

சாராவாவி மடியில் இருந்த துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தான் யாரென்று சொன்னால் எலும்பு கிடைத்துவிடும். ஆனால் சாராவாவி உயிரோடு இருக்கிறாள் என்றால் தோம்போ பொய்யன். மனைவிக்குப் பொய்யன், மகளுக்குப் பொய்யன், நம்பி இடம் கொடுத்த மாமனாருக்கும் பொய்யன். பொய் சொல்லாதவனை ஒரு தடவை ஊர்நடுவில் பொய்யன் ஆக்கியாயிற்று. அவன் இங்கே வந்து சொன்ன ஒரே பொய்யும், அக்கா தன்னைக் காட்டிக்கொடுத்தாள் என்று யாரிடமும் சொல்ல வாய் வராமல் சொன்னது.

உள்ளே சோறு பரிமாறினார்கள். ஏரி மீனும் மரவள்ளிக்கீரையும். யாரும் கை வைப்பதற்கு முன்னால் அந்தப் பெண் ஒரு கரண்டிச் சோற்றை எடுத்துப்போய், முன்னோர்களுக்கான வடகிழக்கு மூலையில் வைத்தாள். "அத்தை, சாப்பிடு" என்றாள். அப்பா இருந்தவரை அவர்தான் வைப்பாராம், இப்போது இவள் வைக்கிறாளாம். சாராவாவி தட்டைப் பார்த்தபடியே இருந்தாள்.

"என்னம்மா, சாப்பிடலியா? எங்க சமையல் பிடிக்கலையா?" என்றாள் எர்னெஸ்தின்.

"பிடிச்சிருக்கு. வழி அலுப்பு" என்று சொல்லிவிட்டுத் துணியை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். "அடுத்த தடவை கல்லறை தொறக்கும்போது இதை அவருக்குச் சுத்துங்க. ஊர்லேருந்து குடுத்தனுப்பினது. ஊரே அவரை நல்லவர்னு சொல்லுதுன்னும் சொல்லிடுங்க."

பஸ்ஸுக்கு வழிகாட்ட அந்தப் பெண்தான் கூடவே வந்தாள். வரப்பில் குதித்துக் குதித்து நடந்தவள் திடீரென்று நின்று திரும்பினாள்.

"நீங்க எங்க அத்தையைப் பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேன்."

"அவங்களை மாதிரி நல்லவங்க உலகத்துலயே கெடையாதுன்னு அப்பா சொல்வாரு. அது நெசமா?"

சாராவாவி அவள் தலையில் ஒட்டியிருந்த நெல்லுமியைத் தட்டிவிட்டாள். வயலில் யாரோ மாட்டை அதட்டுகிற சத்தம் கேட்டது. குழந்தை அண்ணாந்து பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"நெசந்தாண்டி, கண்ணு" என்றாள். "உங்கப்பன் பொய் சொல்ல மாட்டான்."